டிரம்பெட் வாசிக்கும் பெண்ணுக்குக் கம்பி போடலாமா?

மகளின் இசைக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு ஒன்றரை வருடம்தான் இருக்கிறது, இந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் கம்பி போடச் சொல்கிறார், டிரம்பெட்டை நிறுத்துவதா கம்பியைத் தள்ளிப்போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். தேதிகளைத்தான் கவனிக்க வேண்டும்.

பியானோ, வயலின் என்றால் இந்தப் பேச்சே தேவையில்லை. கிளாரினெட், சாக்ஸபோனில் கீழுதட்டைப் பல்லின் மேல் மடித்து வாசிப்பதால் கீழ்வரிசைக் கம்பி குத்தும். டிரம்பெட்டில் தொல்லை அதிகம், காரணம் உதட்டை வைத்து ஊதும் அதன் சின்ன மவுத்பீஸுக்கும் கம்பிக்கும் நடுவில் உதடு நசுங்குகிறது. முதலில் மேல் ஸ்வரங்கள் போகும், கொஞ்ச நேரத்திலேயே உதடு சோர்ந்துவிடும். திறமை போய்விட்டதோ என்று பிள்ளைகள் அழுவது இந்தக் கட்டத்தில்தான். பயப்படாதீர்கள், பெரும்பாலும் சில வாரங்களில் பழகிவிடும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிக்காமல் பத்துப் பதினைந்து நிமிடமாகப் பிரித்து வாசிக்கட்டும், கம்பி மேல் டாக்டர் தரும் மெழுகையோ சிலிக்கான் உறையையோ வைத்துக்கொள்ளட்டும். உதட்டில் அழுத்தாமல் மூச்சால் வாசிக்கப் பழக இதைவிட நல்ல சமயம் கிடையாது என்பேன் (பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்).

பலர் கோட்டை விடுவது கம்பியைக் கழற்றும் நாளில். தேர்வுக்கு முன்னால் கழற்றிவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறோம். ஆனால் கழற்றியதும் பல் புதிய இடத்தில் இருக்கும், உதடு மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். சிகிச்சை பொதுவாக 18 முதல் 24 மாதம் ஆகும் என்பதால் உங்கள் கணக்கில் கழற்றும் நாள் சரியாகத் தேர்வை ஒட்டித்தான் வந்து விழும். அதனால் கம்பியோடேயே தேர்வை முடித்துவிட்டு அப்புறம் கழற்றச் சொல்லுங்கள். டாக்டர் கம்பியை முறுக்கிவிடும் நாளுக்குப் பிறகு சில நாள் வலிக்கும் என்பதால் அதுவும் தேர்வு வாரத்தில் வேண்டாம்.

கம்பிக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் அலைனர் (பல் மேல் போடும் பிளாஸ்டிக் உறை) போட்டால் பிரச்சினையே இல்லை என்று யாராவது சொல்வார்கள். அதை ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும், மிச்ச நேரத்தில் சாப்பாடும் பல் துலக்குவதும் போக எவ்வளவு நேரம் வாசிக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாப் பல் வரிசைக்கும் அது ஒத்துவராது என்பது வேறு.

முதல் சந்திப்பிலேயே டிரம்பெட்டை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், தேர்வுத் தேதியையும் அவர் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். இசை ஆசிரியரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள், வாசிக்க வேண்டிய பாடல்களை அவர் அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்.