சரிவு நெலத்துல எதுங்க லாபம்?

கேள்வி: வணக்கம்ங்கண்ணா, கேரளா அட்டப்பாடில சோலையூர் பக்கம் 3 ஏக்கர் மானாவாரி சரிவு நெலம் இருக்குங்க. மக்காச்சோளம் போட்டா பாதி காஞ்சு போகுது, மீதிய யானை மிதிச்சுட்டு போயிருது. அவகேடோ வச்சா நல்ல காசுங்கறாங்க. சாமையும் தொவரையும் போடலாமான்னா யாரு வாங்குவாங்கன்னு வீட்ல கேக்கறாங்க. எது லாபம்ங்க?

பதில்: தம்பி, அட்டப்பாடின்னா பச்சைன்னு வெளில நெனைக்கிறாங்க, சைலன்ட் வேலி பக்கம் கொட்டற மழை வேற, உங்க கெழக்குப் பக்கம் மழைமறைவு, மல தடுக்கறதால மழை கம்மி. தண்ணி வசதி இல்லாம 3 ஏக்கரும் அவகேடோ வைக்காதீங்க. ஒட்டுக்கன்னுன்னாலும் காய்க்க 3, 4 வருசம் ஆகும், அதுவரைக்கும் கோடைல தண்ணி ஊத்தியே ஆகணும், அந்த செலவ யாரும் சொல்ல மாட்டாங்க.

ஆடிப்பட்டத்துல சரிவுக்குக் குறுக்கால சாமை 6 வரிசை, தொவரை 1 வரிசைன்னு போடுங்க. சாமைய சுமாரா 90 நாள்ல அறுத்துரலாம், அதுக்கப்புறம் எடம் பூரா தொவரைக்குத்தான், வேரு ஆழமா போறதால பிந்தின மழையையும் புடிச்சுக்கும், பூக்கற சமயத்துல காய்ப்புழுவ மட்டும் கவனமா பாருங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு கைல நிக்கும், மானாவாரில இதவிட வேற என்னங்க வேணும்.

லாபம் போறது காட்டுல இல்ல தம்பி, மில்லுல. சாமைய உமியோட மூட்டையா வித்தா வியாபாரி சொன்னதுதான் வெல. 100 கிலோ அரைச்சா 60, 65 கிலோ அரிசி வரும், அத அரிசி வெலைக்கு வித்து அரவைக் கூலி, வண்டி வாடகை கழிச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும். அதனால விதைக்கறதுக்கு முன்னாடியே சிறுதானிய உமி நீக்கற மெஷின் பக்கத்துல எங்க இருக்குன்னு விசாரிச்சு வைங்க, சாதா ரைஸ் மில்லுல கொடுத்தா நொறுங்கிரும். வீட்டாளுங்க வேலைக்கும் கூலி போட்டுத்தான் கணக்கு எழுதணும், நம்மாளுங்க அத எப்பவும் விட்டுர்றாங்க.

வாங்க ஆள் இருக்குங்க. அட்டப்பாடி தொவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022ல புவிசார் குறியீடே, அதாவது இந்த ஊர் பொருள்னு சட்டப்படி அங்கீகாரமே கெடைச்சிருக்கு, ஊர் விதைய விட்டுட்டு வெளி ரகத்தப் போட்டா அந்தப் பேரச் சொல்லி விக்க முடியாது. அவரைய வேலியோரமா ஏத்திவிடுங்க.

யானை சாமையையும் விடாது. பக்கத்துக் காட்டுக்காரங்களும் நீங்களும் ஒரே வாரத்துல விதைச்சா அறுப்பும் ஒண்ணா வரும், ராக்காவல மொற வச்சுப் பாத்துக்கலாம், பேசிப் பாருங்க.