படுத்தே கிடந்தால் தூக்கம் வருமா?

கேள்வி: பள்ளத்தூரில் அப்பத்தா வீட்டில் தங்கி, காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாலு மாதமாகத் தூக்கம் சரியில்லை. பத்து மணிக்கெல்லாம் மேல்மாடி அறையில் படுத்துவிடுகிறேன். ஒரு மணி, இரண்டு மணி வரை புரண்டுகொண்டே இருக்கிறேன். பஸ்ஸைப் பிடிக்க ஆறரைக்கு எழுந்தாக வேண்டும். வகுப்பில் கண் சொக்குகிறது. வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் தூங்கினால்தான் படிக்க முடிகிறது. அப்பத்தாவோ, "எந்திரிக்காம கண்ணை மூடிக்கிட்டுப் படுத்தே கெட ஆத்தா, தானா வரும்" என்கிறார். தோழி ஒரு தூக்க மாத்திரை தந்தாள். இரண்டு தடவை போட்டேன், பயந்து விட்டுவிட்டேன். டாக்டரிடம் போகாமல் நானே சரிசெய்துகொள்ள வழி உண்டா? அடுத்த மாதம் செமஸ்டர் வேறு.

பதில்: வழி உண்டு. ஆனால் அது அப்பத்தா சொல்வதற்கு நேர் எதிர். தூக்கம் வராதவர் படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். கேட்பதற்கு வம்பாகத் தோன்றும். என்றாலும் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக முதலில் தரவேண்டிய சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்த நடத்தைச் சிகிச்சையின் உயிர்நாடியே இதுதான். மருத்துவர் துணையில்லாமல் தானாகச் செய்தாலும் பலன் உண்டு. பிரிட்டனில் 26 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 3,755 மாணவர்களிடம் இணையவழிப் பயிற்சியாக இதைச் சோதித்து 2017-இல் முடிவு வெளியிட்டார்கள். தூக்கம் மேம்பட்டது. பலர் பாதியில் விட்டுவிட்டார்கள் என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. காரணம் எனக்கு விளங்காமல் இல்லை: தொடக்கத்தில் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும்.

வாரத்துக்கு மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல் இப்படி இருந்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறோம். உங்களுக்கு நாலு மாதம். ஆனால் தொடங்குமுன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரியும் பஸ்ஸும் இல்லாத விடுமுறையில், உங்கள் இஷ்டப்படி விட்டால், இரண்டு மணிக்குப் படுத்த உடனே தூங்கி காலை பத்து வரை அடித்துப் போட்டதுபோல் தூங்குவீர்களா? அப்படியானால் தூக்கத்தில் கோளாறு இல்லை, கடிகாரம்தான் பின்தள்ளிப் போயிருக்கிறது. இருபது வயதை ஒட்டி உடல் கடிகாரம் இயல்பாகவே பின்னால் ஓடும். சோம்பேறித்தனம் என்று யாரும் திட்டத் தேவையில்லை. அதற்குக் காலை வெயிலும் மாறாத எழும் நேரமுமே முக்கிய மருந்து. விடுமுறையிலும் புரண்டுகொண்டுதான் கிடக்கிறீர்கள் என்றால் கீழே சொல்வது எல்லாம் உங்களுக்கே. பல மாணவர்களுக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

நம்மைத் தூங்க வைப்பவை இரண்டு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். மற்றது உடல் கடிகாரம், எப்போது விழிப்பு எப்போது உறக்கம் என்று நேரம் குறிப்பது. போர்பேலி என்ற சுவிஸ் ஆய்வாளர் 1982-இல் இப்படிப் பிரித்துக் காட்டினார். நீங்கள் கல்லூரி விட்டு வந்து போடும் ஒரு மணி நேரத் தூக்கம் அந்த அழுத்தத்தைக் கரைத்துவிடுகிறது. சாயங்காலம் வெள்ளைப் பணியாரத்தை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இறங்குமா? பத்து மணித் தூக்கமும் அப்படித்தான் இறங்க மறுக்கிறது.

மூன்றாவதாக ஒன்று பின்னால் வந்து சேரும், நாலு மாதத்தில் உங்களுக்கும் சேர்ந்திருக்கும். தினமும் மூன்று நாலு மணி நேரம் படுக்கையில் விழித்துக் கிடந்து, அரியர் விழுமோ, நாளைக்கு வைவா என்னவாகுமோ என்று கவலைப்பட்டால், மூளை படுக்கையையே விழிப்புக்கான இடமாகப் பழகிக்கொள்ளும். கீழே பட்டாலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கையில் கண் செருகும், மாடிப்படி ஏறித் தலையணையில் தலை வைத்ததும் பளிச்சென்று விழிப்பு வரும். உங்களுக்கு இது நடக்கிறதா? நடந்தால் நோயின் பாதி அதில் இருக்கிறது.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். காலையில் எழுந்ததும் நேற்றைய இரவைப் பற்றி ஒரே வரி: படுத்தது 10.00, தூங்கியது சுமார் 1.30, நடுவில் அரை மணி விழிப்பு, எழுந்தது 6.30, ஆகத் தூக்கம் நாலரை மணி, மாலைத் தூக்கம் ஒரு மணி, காபி இரண்டு, கடைசிக் காபி 5.30. இரவில் மணி பார்த்து எழுத வேண்டாம், குத்துமதிப்பு போதும். இரவில் மணி பார்ப்பதே தூக்கத்தைக் கெடுக்கும். போனை அலாரம் வைத்து எட்டாத இடத்தில் கவிழ்த்து வையுங்கள்.

வாரக் கடைசியில் கணக்கு. இரவுக்குச் சராசரியாக ஐந்தரை மணி தூங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படுக்கையில் இருந்ததோ பத்து முதல் ஆறரை வரை, எட்டரை மணி. ஐந்தரையை எட்டரையால் வகுத்தால் நூற்றுக்கு 65. நன்றாகத் தூங்குபவருக்கு இது 85-க்கு மேல் இருக்கும். இனி நீங்கள் தூங்கும் அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக, ஆறு மணி நேரம் மட்டுமே படுக்கை. எழும் நேரம் 6.30 என்று நிலைத்துவிட்டதால், படுக்கும் நேரம் 12.30. ஞாயிற்றுக்கிழமையும் அதே 6.30தான். மாலைத் தூக்கம் அறவே கிடையாது.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் 1987-இல் எழுதிய முறை இது. முதல் ஏழெட்டு நாள் பகலில் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம்தான் மருந்து. இரவில் படுத்ததும் தூக்கம் அழுத்தத் தொடங்கும். அந்த நாட்களில் ஸ்கூட்டி ஓட்டாதீர்கள், பஸ்ஸிலேயே போங்கள். வாரம் ஒருமுறை கணக்குப் பாருங்கள். 90-க்கு மேல் வந்தால் படுக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே கொண்டுவரலாம்: 12.15, அடுத்த வாரம் 12. 85-க்கும் 90-க்கும் நடுவே நின்றால் அப்படியே இருங்கள். அதற்கும் கீழே என்றால் பதினைந்து நிமிடம் குறையுங்கள், ஆனால் ஐந்தரை மணிக்குக் கீழே போகக் கூடாது. பகலில் தெளிவாக இருக்கும் அளவு கிடைத்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் எல்லோருக்கும் கட்டாயம் என்ற கணக்கை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த எட்டைத் துரத்தித்தான் பலர் பத்து மணிக்கே படுக்கிறார்கள்.

இதோடு சேர்ந்து போவது ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் சொன்ன விதி. தூக்கம் கண்ணைச் சுற்றினால் மட்டுமே படுக்கை. இருபது நிமிடம் ஆனதுபோல் தோன்றியும் தூங்கவில்லையா, எழுந்து வேறு இடத்துக்குப் போங்கள். கொட்டாவி வந்தால் திரும்புங்கள். வராவிட்டால் மறுபடி எழுங்கள். ஒரே இரவில் நாலைந்து தடவைகூட ஆகலாம். இந்த இடத்தில் உங்கள் வீடு பெரிய வசதி. ஒற்றை அறை வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுந்து போக இடமே இருக்காது. உங்களுக்கு முகப்பு, பட்டாலை, முற்றமுள்ள வளவு என்று இடத்துக்குப் பஞ்சமில்லை. மங்கலான விளக்கில் துணி மடிக்கலாம், பழைய வார இதழைப் புரட்டலாம். போன் மட்டும் வேண்டாம். முன்கூட்டியே அப்பத்தாவிடம் சொல்லிவிடுங்கள். நடுராத்திரி வளவில் பேத்தி நடமாடுவதைப் பார்த்தால், மறுநாள் காலை வேப்பிலை அடிக்க ஆள் வந்துவிடும்.

படிப்பது, சாப்பிடுவது, தோழியிடம் பேசுவது எதுவும் படுக்கையில் கூடாது. ஆத்தங்குடிக் கல் தரையில் பாய் விரித்துப் படிக்கலாமே, வெக்கைக்கு இதமாகவும் இருக்கும். விடுதியில் நாலு பேர் அறையில் இருப்பவர்கள், கட்டிலே மேசையாகவும் இருக்கும்போது என்ன செய்வது என்று கேட்பார்கள். பகலில் நூலகத்துக்கோ வராந்தாவுக்கோ போய்விடுங்கள். இரவில் எழ வழியில்லை என்றால் கட்டிலை விட்டு இறங்கிச் சுவரோரம் நாற்காலியிலாவது உட்காருங்கள்.

காலையில் எழுந்ததும் முகப்புத் திண்ணையில் அரை மணி, வெளிச்சம் முகத்தில் படும்படி உட்காருங்கள். வீட்டுக்குள் எத்தனை விளக்கு போட்டாலும் வெளி வெளிச்சத்துக்கு ஈடாகாது. உடல் கடிகாரத்தை முன்னுக்கு இழுப்பது அந்த வெளிச்சம்தான். காபியைப் பகல் இரண்டு மணியோடு முடித்துவிடுங்கள். காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே பலருக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும், 5.30 மணிக் காபியில் பாதி 10.30-க்கும் உள்ளேதான் இருக்கிறது. மாலைப் பலகாரத்தை விடச் சொல்லவில்லை, காபியை மட்டும். கோடையில் மேல்மாடி அறை மொட்டைமாடிச் சூட்டை இரவு வரை இறக்கிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் கீழே படுங்கள். உடல் கொஞ்சம் குளிர்ந்தால்தான் தூக்கம் வரும்.

மனசு ஓடுவதற்குத் தனி வைத்தியம். படுக்கும் முன் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதுங்கள். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 18 முதல் 30 வயதினரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், செய்யவேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். ஒன்பது நிமிடம் சின்னதுதான், செலவு ஒன்றும் இல்லையே. "தூங்கியே ஆகவேண்டும்" என்ற பிடிவாதம் விடாவிட்டால், விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு தூங்காமலிருக்கப் பாருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, இதுவும் சிகிச்சையில் உள்ள உத்திதான்.

தோழி தந்த மாத்திரையை விட்டது நல்லது. அல்பிரசோலம் போன்றவை மருத்துவர் சீட்டு இல்லாமல் போடக் கூடாதவை. தொடர்ந்து போட்டு நிறுத்தினால் தூக்கமின்மை முன்னைவிட மோசமாகத் திரும்பும். தூக்கம் வரும் என்று சளி மாத்திரை போடுவதும் மறுநாள் மந்தத்தைத்தான் தரும்.

சிலர் இதைத் தானாகச் செய்யக் கூடாது. வலிப்பு உள்ளவர்கள், தூக்கத்தில் நடப்பவர்கள், உரத்த குறட்டையோடு மூச்சு நின்று திணறுபவர்கள், இருமுனை மனநோய் உள்ளவர்கள், தூக்கமே இல்லாமல் உற்சாகம் பொங்கிய நாட்கள் வந்துபோனவர்கள் எல்லோரும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தூக்கத்தோடு கூடவே எதிலும் பிடிப்பில்லாமல் அழுகையும், வாழ்ந்து என்ன என்ற எண்ணமும் வந்தால் கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

செமஸ்டர் விஷயம். நாலு வாரத்துக்கு மேல் இருந்தால் வரும் திங்கட்கிழமையே நோட்டைத் தொடங்குங்கள். தள்ளாட்டம் தேர்வுக்குள் தீர்ந்துவிடும். நெருங்கிவிட்டது என்றால் 12.30 கணக்கைத் தேர்வு முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு ஆறரைக்கு எழுவது, மாலைத் தூக்கத்தை விடுவது, புரளாமல் எழுந்து போவது, இந்த மூன்று மட்டும் போதும். தேர்வுக்கு முந்தைய இரவு ஒன்று கெட்டுப்போனால் அதை ஈடுகட்டவென்று மறுநாள் சீக்கிரம் படுக்காதீர்கள்.