நிலாவெளியில் நிற்பதெல்லாம் கடற்காகம்தானா? விஞ்ஞானப் பெயர்கள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

கேள்வியோடு இரண்டு படங்களும் அனுப்பி, கடைசியில் "இந்த ஆராய்ச்சியாளர்களுக்கு வேறு வேலை இல்லையா" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். வீட்டிலிருந்த பழைய பறவைப் புத்தகத்தையும் போனில் இருக்கும் புதுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. கரையில் நடந்து கழிவு மீனைப் பொறுக்குவதும் அலையில் மிதந்து கிடப்பதும் கடற்காகம். ஒடுங்கிய செட்டை, கவட்டை வால், அந்தரத்தில் நின்று பார்த்துவிட்டுத் தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்தால் அது ஆலா.

பெயர் விஷயத்துக்கு வருவோம். முன்பு ஆலாக்களில் பெரும்பாலானவற்றை ஸ்டெர்னா என்ற பேரினத்திலும் (சொந்தக்கார இனங்களைச் சேர்த்துப் போடும் பிரிவு, விஞ்ஞானப் பெயரின் முன்பாதி), கடற்காகங்களில் பெரும்பாலானவற்றை லாரஸ் என்பதிலும் போட்டு வைத்திருந்தார்கள். 2005இல் தாய்வழியாக வரும் இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) டிஎன்ஏயை ஒப்பிட்டு இரண்டு ஆய்வுகள் வந்தன, ஆலாக்களுக்கு ஒன்று, கடற்காகங்களுக்கு ஒன்று. ஒரே பேரினத்தில் இருந்தவை எல்லாம் நெருங்கிய சொந்தம் இல்லை என்று தெரிந்தது. கொண்டை ஆலாக்கள் தலாசியஸ் ஆகின, சின்ன ஆலா ஸ்டெர்னுலா ஆனது. இரண்டுமே 1822இல் வைத்த பெயர்கள்தான், கிடப்பில் கிடந்ததைத் தூசு தட்டி எடுத்தார்கள். கடற்காகங்களிலும் இதே கதை. பழுப்புத்தலைக் கடற்காகம் இப்போது குரோயிகோசெபலஸ், பெரிய பல்லாஸ் கடற்காகம் இக்தியேட்டஸ். முட்டையிடும் காலத்தில் முதலாவதுக்குத் தலை கடும் பழுப்பாகும், மற்றதற்குக் கறுக்கும், ஆனால் இரண்டுக்கும் தலை நிறம் மாறுவதை வைத்து அண்ணன் தம்பி என்று சொல்லிவிட முடியாதாம். ஒன்று கவனியுங்கள், பெரிய கொண்டை ஆலாவுக்கு ஸ்டெர்னா பெர்கி என்றிருந்தது தலாசியஸ் பெர்கி ஆனபோது பின்பாதி அப்படியே இருக்கிறது. உங்கள் பழைய புத்தகத்தைக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஒன்றுபோல் தெரிவதை இரண்டு இனமாகப் பிரிப்பது வேறு சங்கதி. அதில்தான் எனக்குச் சூடு பட்டது.

மாரி முடிகிற நேரம் நிலாவெளிக்குப் பக்கத்து இறக்கக்கண்டியில் களப்பு கடலோடு சேரும் மணல்திட்டில் சின்ன ஆலாக்கள் சிலதைப் படம் எடுத்தேன். கறுத்த சொண்டு, வெள்ளை நெற்றி, பிடரியில் கறுப்புப் பட்டை, கால் மங்கல். பறவை பார்ப்பவர்கள் குழு ஒன்றில் "சின்ன ஆலா அல்லது சாண்டர்ஸ் ஆலா" என்று எழுதிப் போட்டேன். உடனே ஒருவர், "அல்லது என்று ஒரு பறவை இருக்கிறதா? ஊர்க்காரர், ஒழுங்காகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று நக்கலடித்தார். இரண்டுமே இலங்கையில் இருக்கின்றன. சாண்டர்ஸ் ஆலாவை 1877இல் தனி இனமாக விவரித்தவர் ஹியூம், பின்னாளில் இந்தியக் காங்கிரசைத் தொடங்கிய அதே ஆலன் ஒக்டேவியன் ஹியூம். இனப்பெருக்க உடையில், அதாவது அந்தக் காலத்து இறகுக் கோலத்தில், இருந்தால் பிரித்துப் பார்க்கலாம். சாண்டர்ஸுக்கு நெற்றி வெள்ளை சதுரமாக, கண்ணுக்குப் பின்னால் போகாமல் நிற்கும், செட்டை நுனியில் கறுப்பு அகலம், முதுகின் அடியும் சாம்பல். அந்த உடையைக் கழற்றிவிட்டு நிற்பதை மணல்திட்டில் வைத்துப் பிரிப்பது லேசில்லை. ஆகவே "அல்லது" என்று எழுதினேன், இன்றும் அப்படித்தான் எழுதுவேன். நான் விலங்கியல் படித்தவன் இல்லை, கணக்கு எழுதுகிறவன். யாராவது வந்து "குரலில் பிரிக்கலாமே" என்று சொல்வதற்கு முன்பே சொல்கிறேன், அன்றைக்கு அடித்த காற்றில் பக்கத்தில் நின்றவர் பேசியதே கேட்கவில்லை.

பெரிய கடற்காகங்கள் இன்னும் மோசம். முழு உடை வர நாலு வருடம் எடுக்கும், ஒவ்வொரு வருடமும் வேறு கோலம். நம் பக்கம் வரும் ஹியூக்ளின் கடற்காகத்தைத் தனி இனம் என்று சிலரும், சிறிய கருமுதுகுக் கடற்காகத்தின் உபஇனம் என்று வேறு சிலரும் சொல்வார்கள். பெரியவர்களே சண்டை பிடிக்கும் இடத்தில் நான் தலையைக் கொடுப்பதில்லை.

பார்க்கப் போவதே இப்போது பாடு. சின்ன வயதில் இருந்து கரைக்குப் போன ஒழுங்கையை ஒரு ஹோட்டல்காரர் தகரம் அடித்து மறித்துவிட்டார். கரைவலைக்காரரும் சுற்றித்தான் போகிறார்கள், ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு. கேட்டால் "காணி உறுதி இருக்கிறதா" என்கிறார்கள். ஒழுங்கைக்கு யார் ஐயா உறுதி வைத்திருப்பது? சரி, அது வேறு கதை.

உங்கள் படத்துக்கு வருகிறேன். திருகோணமலை டச்சுக் குடாப் பக்கம் வள்ளத்து விளிம்பில் நிற்பது பெரிய கொண்டை ஆலா. சொண்டு பச்சை கலந்த மஞ்சள், முதுகு கடும் சாம்பல், சொண்டுக்கும் கறுப்புத் தொப்பிக்கும் நடுவே வெள்ளை இடைவெளி. சின்னக் கொண்டை ஆலாவுக்குச் சொண்டு செம்மஞ்சள், ஆளும் சிறிசு. இரண்டாவது படத்தில் தூரத்தில் பறப்பதை என்னிடம் கேட்காதீர்கள். செட்டை விரித்தபடி ஒரு படமும், எடுத்த மாதமும் இருந்தால் அனுப்புங்கள், பார்க்கலாம்.