டீசல் வண்டிகள்: பாகத்தை மாற்றும் முன் பரிசோதனை (கேள்வி-பதில்)

கேள்வி: 2021-இல் வாங்கிய டீசல் காரைக் கோவையில் ஓட்டுகிறேன். வீட்டிலிருந்து அலுவலகம் ஐந்து கிலோமீட்டர்தான். சில வாரங்களாக டி.பி.எஃப். (டீசல் புகையின் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு அடிக்கடி எரிகிறது, பிக்கப்பும் குறைந்துவிட்டது. அந்த வடிகட்டியைக் கழற்றிவிட்டு மென்பொருளையும் மாற்றிவிட்டால் தொல்லை தீரும், மைலேஜும் கூடும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். உங்கள் காரில் பழுது என்று எதுவுமே இல்லாமல் இருக்கலாம். நீங்கள் ஓட்டும் தூரம் அந்த வடிகட்டிக்குப் போதவில்லை என்பதே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு, டீசல் கார்களின் புகைபோக்கி வழியில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தீர்த்தாக வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியில் புகையே போதிய அளவு சூடாக இருப்பதால் கரியின் ஒரு பகுதி தானாகவே எரிந்துவிடும். நகரத்துக்குள் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் வண்டியில் அந்தச் சூடு வராது என்பதால், இன்ஜினின் கணினி கூடுதலாக டீசலைத் தெளித்து வெப்பத்தை ஏற்ற முயல்கிறது. அந்த வேலை முடியப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும். அதற்குள் நீங்கள் அலுவலக வாசலில் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுகிறீர்கள். கரி எரியாமல் நிற்கிறது, தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கிறது.

இதை நீங்களே பார்த்துவிடலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு ஆயில் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், விரலில் தொடும்போது நீர்த்துப்போய் டீசல் வாடை அடித்தால், வேறு எதற்கும் முன்பாக ஆயிலை மாற்றுங்கள். ஆயில் குறைந்தால் பதறுகிற நாம், கூடினால் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பேரிங்குகளும் டர்போவும் தேய்வதற்கு இது நேரான வழி. மாற்றும்போது வண்டிக் கையேட்டில் குறிப்பிட்ட, சாம்பல் குறைவாகத் தரும் வகை ஆயிலையே கேட்டு வாங்க வேண்டும். சாதாரண டீசல் ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் படிந்துவிட்டால் எவ்வளவு சூடாக்கினாலும் அது எரிந்து போகாது.

விளக்கு நிலையாக எரியும்போது நீலாம்பூர்–மதுக்கரை புறவழிச்சாலை போன்ற தடையில்லாத சாலைக்குச் சென்று, ஒரு கியர் குறைத்து, இன்ஜின் சுழற்சி 2,000-க்கு மேல் இருக்குமாறு இருபது முப்பது நிமிடம் சீராக ஓட்டுங்கள். டேங்கில் டீசல் மிகக் குறைவாக இருந்தால் பல வண்டிகளில் இந்த எரிப்பு தொடங்கவே தொடங்காது என்பதையும் மனத்தில் வையுங்கள். விளக்கு மின்னத் தொடங்கினாலோ, செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ நீங்களாக முயலாமல் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே ஸ்கேனரில் கரியின் அளவையும், வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இந்த இரண்டு எண்களையும் பார்க்காமல் வடிகட்டி போய்விட்டது என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அழுத்தம் அளக்கும் சென்சாரின் மெல்லிய குழாய் விரிசல் விட்டிருந்தாலும் இதே விளக்குதான் எரியும். அந்தக் குழாயின் விலை எங்கே, புது வடிகட்டியின் விலை எங்கே!

கழற்றுவதைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்க, அந்தக் கரித்துகளை உங்கள் பின்னால் வரும் பள்ளிப் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது. தினமும் ஐந்து கிலோமீட்டர்தான் உங்கள் தேவை என்றால், அடுத்த கார் வாங்கும்போது டீசலை விட்டுவிட்டுப் பெட்ரோல் பக்கம் வந்துவிடுங்கள்.

கேள்வி: நாமக்கல்லில் இரண்டு லாரிகள் வைத்திருக்கிறேன். புகை மாசைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா திரவத்தை ஒருவர் பெயரில்லாத கேனில் பாதி விலைக்குத் தருகிறார். இன்னொருவர் வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்தாலே போதும் என்கிறார். ஊற்றலாமா?

பதில்: இரண்டாவது யோசனையை இப்போதே மறந்துவிடுங்கள். லாரிக்குரிய திரவத்தில் 32.5 விழுக்காடு மிகத் தூய்மையான யூரியாவும், மீதி தாது உப்புகள் நீக்கப்பட்ட நீரும் இருக்கும். வயலுக்கு வரும் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கும். கிணற்றுத் தண்ணீரிலோ கால்சியமும் உப்பும் இருக்கும். இவையெல்லாம் புகைக்குழாயில் தெளிக்கும் நாசிலை அடைத்து, அதற்கப்பால் உள்ள வினையூக்கியையும் கெடுத்துவிடும். அந்தப் பகுதியைப் புதிதாக மாற்ற ஆகும் செலவில் பல ஆண்டுகளுக்கு நல்ல திரவம் வாங்கி ஊற்றலாம். மேலும், விவசாயத்துக்கென மானியத்தில் தரும் யூரியாவை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985-இன் கீழ் குற்றம்.

பெயரில்லாத கேனைப் பற்றி: ஐ.எஸ்.ஓ. 22241 என்ற தரக்குறியும் தயாரித்த தேதியும் தொகுதி எண்ணும் அச்சிட்ட கேனை, பில்லோடு வாங்குங்கள். யூரியா அளவைக் காட்டும் சிறிய கைக்கருவி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் விழுக்காடு தெரியும். இரண்டு லாரி வைத்திருப்பவருக்கு அது வீண் செலவில்லை. ஆனால் அந்தக் கருவி அடர்த்தியை மட்டுமே சொல்லும், தூய்மையைச் சொல்லாது. வயல் யூரியாவையும் 32.5 விழுக்காட்டுக்குக் கரைத்துவிட முடியும் என்பதால், கருவி சரியென்று காட்டியதை மட்டும் நம்பிக் கேனை வாங்கிவிடக் கூடாது.

வைக்கும் இடமும் முக்கியம். 30 டிகிரிக்குள் இருக்கும் அறையில் ஓராண்டு வரை நிற்கும் திரவம், 35 டிகிரியில் ஆறு மாதமே தரம் மாறாமல் இருக்கும். நம் ஊர் கோடையில் தகரக் கொட்டகைக்குள் மொத்தமாக வாங்கி அடுக்குவது இலாபம் தராது. டிரைவர் தவறிப்போய் யூரியா டேங்கில் டீசலையோ, டீசல் டேங்கில் யூரியாவையோ ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஸ்டார்ட் செய்யாத வண்டியில் டேங்கைக் கழுவினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

கேள்வி: எட்டு ஆண்டுகள் ஓடிய பிக்கப் வண்டி. காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறது, சுமையேற்றி மேட்டில் ஏறும்போது கரும்புகை வருகிறது. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். மாற்றிவிடட்டுமா?

பதில்: நீங்கள் சொன்னவை இரண்டு வெவ்வேறு குறைகளாகவும் இருக்கலாம். நான்கையும் மாற்றுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய மலிவான வேலைகள் பல உள்ளன.

காலையில் செல்ப் போடும்போது இன்ஜின் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, வேகமாகச் சுற்றியும் பற்றாமல் இருக்கிறதா என்பதைக் காதால் கவனியுங்கள். மெதுவாகச் சுற்றினால் பேட்டரி, அதன் டெர்மினல்கள், இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள எர்த் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரவு முழுதும் நின்ற 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் டைனமோ சரியாக இருக்கிறது. வேகமாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால்தான் டீசல் பக்கம் போக வேண்டும். அங்கும் முதல் வேலை, டீசல் பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தேங்கிய தண்ணீரை ஒரு பாட்டிலில் வடித்துப் பார்ப்பது.

கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை என்று பொருள். ஏர் பில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடுத்து, டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸ். நிறுத்திய வண்டியில் பார்த்தால் இதில் குறை இருப்பதாகவே தெரியாது. விரிசல் பெரும்பாலும் கிளாம்புக்கு அடியில், கண்ணுக்குப் படாத பக்கத்தில் இருக்கும். விரலை உள்ளே விட்டுத் தடவினால் அந்த இடத்தில் மட்டும் ஆயில் கசிந்து பிசுபிசுப்பாகத் தூசி ஒட்டியிருக்கும். மேட்டில் டர்போ காற்றை அழுத்தும்போது விரிசல் விரிந்து, சீட்டியடிப்பது போன்ற ஓசையோடு காற்று வெளியேறும். சமவெளியில் புகை இல்லாமல் சுமையோடு ஏறும்போது மட்டும் புகைகிறது என்பதால், உங்கள் வண்டியில் இந்த ஹோஸின் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் இன்ஜெக்டருக்கு வரலாம். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் டேங்குக்குத் திரும்பும் டீசலைத் தனித்தனியாகக் கண்ணாடிக் குப்பிகளில் பிடித்து, இன்ஜினை ஐடிலில் சில நிமிடம் ஓடவிட்டால், பழுதானது எது என்பது குப்பியிலேயே தெரிந்துவிடும். மூன்று ஒரே மட்டத்தில் நிற்க, ஒன்று மட்டும் நிரம்பி வழிந்தால் குறை அதில்தான். அதைக் கழற்றி, டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடையில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, அச்சிட்ட அறிக்கையை வாங்குங்கள். புதியதைப் பொருத்திய பிறகு அதன் மேல் பொறித்திருக்கும் குறியீட்டை இன்ஜின் கணினியில் பதிய வேண்டிய வண்டிகள் உண்டு. அதைச் செய்யாமல் விட்டால் புது இன்ஜெக்டரோடும் வண்டி உதறும்.

கேள்வி: இரவு ஓட்டத்துக்கு ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. 100/90 வாட் பல்பு போடலாமா, எல்.இ.டி. பல்பு போடலாமா?

பதில்: முதலில் மஞ்சளித்துப்போன விளக்குக் கண்ணாடியைப் பாலிஷ் போட்டு, பல்பில் முழு வோல்டேஜ் வந்து சேர்கிறதா என்று பாருங்கள், பாதிக் குறை அதிலேயே தீர்ந்துவிடும். 60/55 வாட்டுக்கென்று அமைத்த வயரிங்கில் 100/90 வாட் பல்பு போட்டால் ஹோல்டர் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். ஹாலஜனுக்கென்று வடித்த ரிஃப்ளெக்டருக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். அதே வாட்டில் நல்ல தரமான ஹாலஜன் பல்பும், ரிலே வைத்த தனி வயரிங்கும் போதும்.

கேள்வி: கடனில் மினி லாரி வாங்கி நானே ஓட்டுகிறேன். வாரண்டிக் காலத்திலேயே கியர் பாக்ஸ் மூன்று முறை பழுதானது. வாடகைக்கு ஓடும் வண்டி என்பதால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று விற்பனையாளர் சொல்கிறார். உண்மையா?

பதில்: உங்கள் விஷயத்தில் உண்மை இல்லை. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பொது விதி. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கென்றே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அந்த விதி பொருந்தாது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு தெளிவாகவே கூறுகிறது. லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லியிருக்கிறது. வண்டியை முழுக்க முழுக்க வேறொருவரை வைத்து ஓட்டுபவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே உங்கள் கனரக அல்லது இலகு ரக ஓட்டுநர் உரிமம், கடன் பத்திரம், வேறு வருமானம் இல்லை என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். கொடுத்த விலை 50 இலட்சம் ரூபாய் வரை அதன் வரம்புக்குள் வரும். 5 இலட்சம் வரை கட்டணம் இல்லை. அதற்கு மேல் 10 இலட்சம் வரை 200 ரூபாய். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

வழக்கின் பலம் ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் வேலைச் சீட்டில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் "பொதுச் சோதனை" என்று அவர்கள் எழுத விடாமல், "மூன்றாவது கியர் நழுவுகிறது" என்பது போல உங்கள் குறையை உங்கள் சொல்லிலேயே எழுதச் சொல்லி, நகலில் முத்திரையும் கிலோமீட்டர் எண்ணும் வாங்குங்கள். சோதனை இல்லாமல் தீர்மானிக்க முடியாத குறையென்றால் ஆணையம் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வாரண்டியில் மாற்றிய பாகங்களை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்வது வழக்கம் என்பதால், அவற்றைக் கொடுப்பதற்கு முன் தேய்ந்த பற்களையும் பாகத்தின் எண்ணையும் தேதியோடு தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.