பல் உடைந்தது ‘சாதாரண அடிதடி’யா?

கேள்வி: வேலித் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் குத்தியதில் என் முன்பல் பாதி உடைந்துவிட்டது. ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, “சாதாரண அடிதடிக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது, கோர்ட்டுக்குப் போங்க” என்கிறார்கள். இது சரிதானா?

பதில்: சாதாரண அடிதடி என்றால் அவர்கள் சொன்னது சரி. உங்கள் விஷயத்தில் தவறு. காரணம், அந்தப் பல்.

பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடியவை ஒரு வகைக் குற்றங்கள், இவற்றுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்ற வகையில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. எது எந்த வகை என்பது இன்ஸ்பெக்டரின் அபிப்பிராயம் அல்ல. குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணையில் பிரிவு வாரியாக அச்சாகியிருக்கிறது.

கையால் அடித்து வெறும் காயம் என்றால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2). ஓராண்டு வரை சிறை, இரண்டாவது வகை. ஆனால் 116ஆம் பிரிவு ‘கொடுங்காயம்’ எவை என்று எட்டு இனங்களாகச் சொல்கிறது. பார்வை, செவி இழப்போடு எலும்பு முறிவும் அதில் உண்டு. “எலும்போ பல்லோ” என்றே இருக்கிறது. பலர் கவனிக்காத சொல் இது. எனவே உங்களுக்குப் பொருந்துவது 117(2), முதல் வகை. புகாரில் பத்து சில்லறைக் குற்றங்களோடு இப்படி ஒன்று இருந்தாலும் போதும், வழக்கு முழுவதும் முதல் வகையாகிவிடும்.

புகாரில் “அடித்தார்” என்று மட்டும் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பல் மருத்துவரின் சான்று, எக்ஸ்ரே, அரசு மருத்துவமனை ஏ.ஆர். காப்பி (காயப் பதிவேட்டின் நகல்) இவற்றோடு, பல் உடைந்ததைக் குறிப்பிட்டு மறுபடி மனு கொடுங்கள். அப்போதும் மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள் (நடைமுறைச் சட்டம் 173(4)). அதற்கும் பலனில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் அதே சட்டத்தின் 175(3)இன் கீழ் மனு. எஃப்.ஐ.ஆர். பதிவானதும் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கொடுங்காயத்துக்கு ஏழாண்டு வரை சிறை உண்டு என்றாலும், அது ஜாமீனில் விடத்தக்க குற்றம்தான். கைதானவர் அன்று மாலையே வீடு திரும்பினால் போலீஸ் விலைபோய்விட்டது என்று எண்ணவேண்டாம். ஜாமீன் அவருடைய உரிமை, வழக்கு அப்படியேதான் இருக்கும்.