திருநெல்வேலியிலிருந்து போய்வர, தோட்டத்தோடு குன்றின்மேல் அரண்மனை ஏதாவது உண்டா?

பத்மநாபபுரம் அரண்மனை பார்த்தாயிற்று, தோட்டமும் உயரமுமாக வேறொன்று சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கொச்சி பக்கம் திருப்பூணித்துறை ஹில் பேலஸுக்குப் போங்கள். மலை என்றதும் பொதிகையை நினைக்க வேண்டாம், கழுகுமலை ஏறினவர்களுக்கு இது வெறும் மேடு. 1865-ல் கொச்சி ராஜ குடும்பம் கட்டியது, 54 ஏக்கரில் 49 கட்டடங்கள், இப்போது அருங்காட்சியகம்.

முதலில் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு ராத்திரி திருநெல்வேலி ஜங்ஷனில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் திருப்பூணித்துறையிலேயே இறங்கிவிடலாம் என்று பெரிய கெட்டிக்காரன் மாதிரி கணக்குப் போட்டு ஆச்சி, அண்ணன், மதினி, பிள்ளைகள் எல்லாருக்கும் டிக்கெட் எடுத்தேன். திங்கட்கிழமை அங்கே விடுமுறை. பூட்டின கேட் முன்னால் புளியோதரைத் தூக்குவாளியோடு நின்றோம். மதினி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஒரு நாள் ரூம் வாடகை தண்டம்.

செவ்வாய்க்கிழமைதான் உள்ளே போனோம். எனக்குப் பிடித்தது அரண்மனையைவிட அதற்கு ஏறிப்போகிற வழிதான். அடுக்கடுக்காகப் புல்தரை, நடுவில் படிகள், முந்தின நாள் மழையில் படியோரமெல்லாம் பாசி. ஆச்சி நாலு படிக்கு ஒருதரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததால் நாங்களும் உட்கார்ந்தோம், அதனாலேயே தோட்டத்தை நிதானமாகப் பார்க்க முடிந்தது.

உள்ளே ஆயுதம், ஓவியம், குதிரை வண்டி என்று நிறைய இருக்கிறது, பிள்ளைகள் அரைமணி நேரத்தில் சலித்துவிட்டார்கள். தங்கக் கிரீடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். போர்ச்சுகீசியர் கொடுத்தது என்கிறார்கள். கொச்சி ராஜாக்கள் அதைத் தலையில் வைக்காமல் மடியில்தான் வைத்துக்கொள்வார்களாம். இதை ஆச்சியிடம் சொன்னதும், "தலையில வைக்காத கிரீடத்துக்கா இம்புட்டுக் காவல்?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள், பக்கத்தில் நின்ற காவலாளிக்குத் தமிழ் தெரியும் போல, சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

வளாகத்திலேயே மான் பூங்கா இருக்கிறது, பிள்ளைகளை அப்புறம் அங்கே கூட்டிப்போய்ச் சமாதானப்படுத்தலாம். வயசானவர்கள் வந்தால் வெயில் ஏறுவதற்குள் படியேறிவிடுங்கள். டிக்கெட் போடும்போது கிழமையைப் பாருங்கள், ஞாயிறு ராத்திரி வண்டி மட்டும் வேண்டாம்.