சாமி திரும்பி வந்த பிறகும்

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். செப்டம்பர் 27 உலகச் சுற்றுலா நாளுக்காக, வேலூருக்கு ஒரு விளம்பர வாசகம் எழுதும் போட்டி வைத்தோம். கேரளத்தின் ‘காட்ஸ் ஓன் கன்ட்ரி’ போல ஒன்றாவது தேறும் என்று நினைத்தேன். பாதிப் பிள்ளைகள் ‘ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை’ என்று பழைய கேலியையே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சொந்த ஊரை இழிவாகப் பேசும் இந்தப் பழக்கத்தை எப்படி மாற்றுவது? நல்ல வாசகத்துக்கு இலக்கணம் என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்துவிடாதீர்கள். வேலூருக்கு ஏற்கெனவே ஒரு வாசகம் இருக்கிறது. எந்த விளம்பர நிறுவனமும் எழுதித் தராதது, பைசா செலவில்லாமல் தலைமுறை தாண்டி ஓடுவது. சில நாட்களாக எனக்கும் இதே யோசனைதான், அதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது.

கேரள வாசகத்தை 1989-இல் முத்ரா விளம்பர நிறுவனத்தில் இருந்த வால்டர் மெண்டஸ் கொடுத்தார். சொற்கள் அவருடையவை அல்ல. நியூசிலாந்துக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தங்கள் நாட்டை அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். ஆகவே, ‘சொந்தக் கற்பனை’ வேண்டும் என்று பிள்ளைகளைப் படுத்தாதீர்கள். அது நிலைத்ததற்குக் காரணம் வேறு. 1986-லேயே அந்த அரசு சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்திருந்தது. நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்கள் பிறகு படுக்கையறை வைத்த படகுவீடுகளாயின. வாசகத்தை நம்பி வந்தவன் கையில் கொடுக்கப் பொருள் இருந்தது. அதோடு, மலையாளிகளே அதைக் கேலிக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஹர்த்தாலா, குண்டும் குழியுமான சாலையா, உடனே ‘தெய்வத்தின்றெ ஸ்வந்தம் நாடு’தான். நம் செய்தியாளர்களுக்கோ கேரளம் என்று எழுதவே வராது, ‘கடவுளின் தேசம்’ என்றுதான் வரும். கேலிக்கு வளையாத வாசகம் பலகையிலேயே செத்துப்போகும். (‘கடவுளின் சொந்த நாடு’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள், பட்டா யார் பேரில் என்று கேட்கத் தோன்றும்.)

இனி நம்முடையது. 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கோட்டைக்குள் இருக்கும் கோயிலில் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றிலிருந்து ஜலகண்டேசுவரருக்குப் பூசை நடக்கிறது. உங்கள் பிள்ளைகளின் அப்பாக்கள் பலர் அப்போது பிறந்தே இருக்கமாட்டார்கள். சாமி வந்துவிட்டார், ‘சாமி இல்லாத கோயில்’ போகவில்லை. வாசகத்தின் வலு அப்படி. ராஜா விஷயமும் தப்பு. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816 முதல் 1832-இல் சாகும்வரை இங்கேதான் கைதி. ராஜா இருந்தார், நாடுதான் இல்லை. மலையை விடுங்கள், கருங்கல்லில் யார் மரம் தேடுவார்கள். சிலர் கூட்டிச் சொல்லும் ‘அழகில்லாத பெண்கள்’ என்பதை எந்தப் பையனாவது எழுதியிருந்தால், அதை மட்டும் சிவப்பு மையில் அடியுங்கள்.

ஆற்றை விடமுடியாது. சமூக அறிவியல் நடத்துகிற நீங்களே ‘தண்ணி இல்லாத ஆறு’ என்பதை இழிவு என்று எழுதியதுதான் எனக்குக் கோபம். பாலாறு மணலுக்கு அடியில் ஓடுகிற ஆறு. வட ஆற்காட்டு விவசாயிக்கு அது தெரியும், அதற்குத்தான் ஊற்றுக்கால், அதாவது ஊற்றுநீர் வரும் வாய்க்கால், வெட்டினான். கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். ஆற்றுப் படுகை கிலோமீட்டருக்கு 2 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே ஓரிடத்தில் ஊற்று கிடைக்கும்வரை மணலைத் தோண்டி, அங்கிருந்து கிலோமீட்டருக்கு அரை மீட்டர் மட்டும் இறங்கும்படி கால் பிடிக்க வேண்டும். ஆறு வேகமாக இறங்கும், கால் மெல்ல இறங்கும். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் தொடங்கிய தண்ணீர் ஒரு கிலோமீட்டரில் தரைமட்டத்துக்கு வந்து கரையேறிவிடும். ஏற்றம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். வெள்ளம் வந்தால் கால் மணலில் தூர்ந்துபோகும், வடிந்ததும் ஊர் கூடி மறுபடி வாரவேண்டும். அது செலவு, நஷ்டம் இல்லை.

இது கெட்டது மணலை அள்ளியதால். மணல்தான் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பஞ்சு. படுகை இரண்டு ஆள் ஆழம் இறங்கினால் ஊற்றும் கூடவே இறங்கும், காலின் தலைவாய் அந்தரத்தில் நிற்கும். பிறகு எத்தனை முறை தூர் வாரினாலும் காய்ந்த வாய்க்கால்தான். மிச்சமிருந்த ஊற்றைத் தோல் பதனிடும் கழிவு கெடுத்தது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். அதை ஊறவைத்துக் கழுவும்போதே அவ்வளவு உப்பும் தண்ணீரில் இறங்குகிறது, பதனிடப் போடும் குரோமியம் அதற்குப் பிறகு. கெடுத்தவரே ஈடு கட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்ன தீர்ப்பு வேலூர் பெயரில்தான் இருக்கிறது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் நாடு முழுக்க வேலூரை அப்படித்தான் அறிகிறார்கள். 2021 நவம்பரில் அதே ஆறு கரை புரண்டு வந்தபோது வாசகத்தை யாரும் மாற்றவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆகவே ‘தண்ணி இல்லாத’ என்று எழுதிய பிள்ளை ஊரை இழிவுபடுத்தவில்லை, புகார் மனு கொடுத்திருக்கிறது. அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கணம் கேட்டீர்கள். புறவழிச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறான், பலகையைப் பார்க்க அவனுக்கு மூன்று நொடி. ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். ‘எழில்’, ‘எழில்மிகு’ வேண்டவே வேண்டாம், எந்த ஊருக்கும் பொருந்துவது எந்த ஊருக்கும் சொந்தமில்லை.

யாருக்காக எழுதுகிறோம் என்பதையும் பாருங்கள். பிள்ளைகளை ஒரு சாயங்காலம் சிஎம்சி மருத்துவமனை எதிரே காந்தி ரோட்டுக்கு அழைத்துப் போங்கள். லாட்ஜ் பலகை, மருந்துக்கடை, சாப்பாட்டுக் கடை எல்லாவற்றிலும் வங்காளமும் இந்தியும் எழுதியிருக்கும், மளிகைக் கடையில் கடுகெண்ணெய் பாட்டில் அடுக்கியிருக்கும். வேலூருக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர் மருத்துவமனைச் சீட்டோடு வருகிற அந்த நோயாளியும் துணைக்கு வந்தவரும்தான். அவர்களைச் சுற்றுலாப் பயணி என்று எந்த வாசகமும் கூப்பிட்டதில்லை. நோயாளிக்கு டோக்கன் வாங்கிக் கொடுத்துவிட்டு, துணைக்கு வந்தவர் கோட்டை அகழிக் கரையில் பொழுதைக் கழிப்பார். அவருக்கு என்ன எழுதுவது என்று போட்டி வையுங்கள்.

பரிசாகப் பேனா கொடுக்காதீர்கள். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ஒரு கிலோ கொடுங்கள், காம்பில் முள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.